கைதி எண் 9653

ரயிலை நிறுத்தியவர் என்று அமெரிக்க சர்க்கார் 1895-ல் ஒரு மனிதரை ஆறு மாதம் சிறையில் போட்டது. ரயில்வே முதலாளிமாரின் சொத்து. அதிலே தொழிலாளி கை வைக்கலாகாது, சர்க்காரும் கை வைக்காது. இதுதான் அன்றைய நியாயம். 22 ஆண்டுகள் கழிந்தன. 1917 டிசம்பரில் அதே சர்க்கார் நாட்டின் ரயில் பாதைகளை ஒரே உத்தரவில் தன் கையில் எடுத்துக்கொண்டது. கூலியை உயர்த்தியது. சங்கத்தில் சேர்ந்த காரணத்துக்காக எவனையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது. முன்னே சிறை சென்ற அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் கேட்டு வந்தவை இவையெல்லாம். அப்படியானால் அவரை அழைத்து மாலையல்லவா போட்டிருக்க வேண்டும்? பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தார்கள்!

இரண்டுக்கும் நடுவே வந்தது யுத்தம். அந்த மனிதர் யூஜீன் விக்டர் டெப்ஸ்.

இந்தப் பெயர் நம் தோழர்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். லெனினுக்குப் புதிதல்ல. 1918 ஆகஸ்டில் அமெரிக்கத் தொழிலாளருக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் டெப்ஸைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். யுத்தம் ஒரு நாட்டுக்குள் நுழையும்போது ஆலையும் ரயிலும் அடுப்பங்கரையும் நாக்கும் என்ன பாடுபடும் என்பதைப் புள்ளிவிவரப் புத்தகத்தில் படிக்கலாம். டெப்ஸின் வாழ்க்கையிலும் படிக்கலாம். நாம் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறோம்.

இந்தியானா மாநிலத்தில் டெர்ரி ஹோட் என்ற ஊரில் 1855 நவம்பர் 5-ல் பிறந்தவர். தாய் தந்தையர் பிரான்சின் அல்சேஸ் பகுதியிலிருந்து குடியேறியவர்கள். சிறு மளிகைக் கடை வைத்துப் பிழைத்தார்கள். தந்தை புத்தகப் பிரியர். யூஜீன் சூ, விக்டர் ஹியூகோ என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்களின் பெயரைச் சேர்த்து மகனுக்கு வைத்தார். பெயர் பெரிது, பள்ளிக்கூடம் 14 வயதோடு நின்றது. ரயில்வே ஒர்க்ஷாப்பில் வண்டிகளின் பழைய சாயத்தைச் சுரண்டுகிற வேலை. நாளொன்றுக்கு அரை டாலர் கூலி. பிறகு எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன். கரி எஞ்சின் காலத்தைக் கண்ட நம் ரயில்வேத் தோழர்களுக்கு அந்த வேலையின் சூட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. 1874-ல், தாயின் வற்புறுத்தலால் அந்த வேலையை விட்டார். வேலையை விட்டாரே தவிர வேலைக்காரர்களை விடவில்லை. அடுத்த ஆண்டே பயர்மேன்கள் சங்கத்தின் ஊர்க் கிளைக்குச் செயலாளரானார். 1880-ல் அகில அமெரிக்கச் சங்கத்துக்குச் செயலாளர், பொருளாளர், சங்கப் பத்திரிகைக்கு ஆசிரியர்.

அந்தக் காலத்து ரயில்வேச் சங்கங்கள் எப்படிப்பட்டவை? டிரைவருக்கு ஒரு சங்கம், பயர்மேனுக்கு ஒரு சங்கம், கார்டுக்கு ஒரு சங்கம். ஒருவன் வேலைநிறுத்தம் செய்தால் மற்றவன் வண்டியை ஓட்டுவான். செத்தால் குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ் சபைகள் என்றே சொல்லலாம். டெப்ஸும் பல வருஷம் அந்த வழியிலேயே சென்றார். வேலைநிறுத்தத்தை விரும்பாதவராகவே தொடங்கினார். அனுபவம்தான் அவரை மாற்றியது. 1893-ல் எல்லாப் பிரிவினரும் சேரும் அமெரிக்க ரயில்வே யூனியனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயில் 18 நாள் வேலைநிறுத்தம், வெற்றி. தொழிலாளர் திரள் திரளாகச் சேர்ந்தார்கள்.

பிறகு புல்மன். சிகாகோவுக்கு அருகே படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளைச் செய்த கம்பெனி அது. ஊரே கம்பெனியின் ஊர். வீடு கம்பெனியின் வீடு. வியாபார மந்தம் வந்தது, கூலியைக் குறைத்தார்கள், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894 மே மாதம் தொழிலாளர் வெளியேறினார்கள். புல்மன் பெட்டி கோத்த எந்த வண்டியையும் தொடமாட்டோம் என்று ஜூன் கடைசியில் ரயில்வே யூனியன் முடிவு செய்தது. சிகாகோவுக்கு மேற்கே ரயில்கள் நின்றுபோயின. வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் ரயில்வே கம்பெனிகளின் வக்கீலாக இருந்து வந்தவர். தபால் தடைப்படுகிறது என்று சொல்லிக் கோர்ட்டில் ஒரு தடையுத்தரவு வாங்கினார்கள். வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகத் தந்தி கொடுப்பதுகூடக் குற்றம் என்னும்படியான உத்தரவு! மாநில கவர்னர் வேண்டாம் என்று ஆட்சேபித்தும் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்டு பட்டாளத்தை அனுப்பினார். சுட்டார்கள், தொழிலாளர் மாண்டார்கள், யூனியன் உடைந்தது. கோர்ட் உத்தரவை மீறினார் என்று டெப்ஸுக்கு ஆறு மாதம்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த யூனியன் நீக்ரோத் தொழிலாளரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. டெப்ஸ் சேர்க்க வேண்டுமென்று வாதாடினார். மாநாட்டில் சொற்ப ஓட்டில் தோற்றார். ஒதுக்கப்பட்டவன் வேலைநிறுத்தத்தின்போது தோள் கொடுக்கவில்லை என்றால் பழி யாருடையது? இந்த விஷயம் யுத்த காலத்தில் மறுபடி தலைதூக்கியதைப் பின்னால் பார்ப்போம்.

சிறையில் மார்க்ஸின் மூலதனம் அவர் கைக்கு வந்தது. வெளியே வந்த டெப்ஸ் 1897-ல் தம்மை சோஷலிஸ்ட் என்று பகிரங்கமாக அறிவித்தார். 1900 முதல் ஜனாதிபதி பதவிக்கு நின்றார்; மீண்டும் மீண்டும் நின்றார். ஜெயிக்கவா? கிடையாது. நாடெங்கும் சென்று பேச அதுவே வழி. 1908-ல் செந்நிற ரயில் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி ஊர் ஊராகப் போனார். 1912-ல் 9 லட்சம் ஓட்டு, நூற்றுக்கு ஆறு. பெரிய முதலாளித்துவ நாட்டில் இது சாமான்யமானதல்ல.

1914-ல் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. அமெரிக்கா நடுநிலை என்றது. நடுநிலை நாட்டின் பட்டாளம் வீட்டில் இருந்தது. பணமும் பண்டமும் வீட்டில் இல்லை. பிரிட்டன், பிரான்ஸ் அணிக்கு அமெரிக்கா விற்ற சரக்கு 1914-ல் சுமார் 82 கோடி டாலர். 1916-ல் 320 கோடி டாலர். அதற்குக் கடன் கொடுத்தவர்களும் அமெரிக்கப் பாங்கிகளே. மார்கன் பாங்கி அந்த நாடுகளுக்குக் கொள்முதல் ஏஜெண்டாகவே இருந்தது. கடன்காரன் தோற்றால் கொடுத்த பணம் என்னாகும் என்ற கவலை பாங்கிகளுக்கு இருந்திராது என்று நம்பச் சொன்னால் நாம் நம்பமாட்டோம். யுத்தத்துக்கு வெளியே வைத்திருந்தவர் என்ற கோஷத்தோடு 1916 தேர்தலில் ஜெயித்த ஜனாதிபதி வில்சன், ஐந்தே மாதத்தில் காங்கிரஸ் சபைக்குச் சென்று யுத்தம் கேட்டார். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் அமெரிக்கக் கப்பல்களை மூழ்கடித்ததைக் காரணம் சொன்னார். அது நடந்ததும் உண்மையே. 1917 ஏப்ரல் 6-ல் யுத்தப் பிரகடனம். மறுநாள் செயிண்ட் லூயி நகரில் கூடிய சோஷலிஸ்ட் கட்சி இந்த யுத்தத்தை எதிர்ப்பதென்று தீர்மானித்தது. பெயர் பெற்ற எழுத்தாளர் பலர் கட்சியை விட்டு ஓடினார்கள். தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் வில்சனுக்குத் தோள் கொடுத்தார். அந்த மாநாட்டு நாட்களில் டெப்ஸ் உடல்நலமின்றி ஊரிலே இருந்தார்.

யுத்தத்தில் இறங்கிய நாடு எப்படி மாறியது? முதலில் ஆள். மே மாதம் கட்டாய ஆள் சேர்ப்புச் சட்டம். ஜூன் 5-ந் தேதி பெயர் பதிவு. யுத்தம் முடிவதற்குள் 2 கோடியே 40 லட்சம் ஆண்கள் பெயர் பதிந்தார்கள். 28 லட்சம் பேரைக் கட்டாயமாகப் பிடித்தார்கள். ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் ஆண்கள் போனார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த கூலியாட்களின் கப்பல்களோ முன்பே நின்றுவிட்டன. 1914-ல் வேலையில்லாமல் திரிந்தவர் நூற்றுக்கு எட்டு என்றால் 1918-ல் ஒன்றரைகூட இல்லை. காலியான இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள்: டிராம் வண்டியில், ரயில்வே ஒர்க்ஷாப்பில், குண்டு செய்யும் ஆலையில். தெற்கே பருத்திக் காட்டில் அடிமை போலக் கிடந்த நீக்ரோ மக்கள் சுமார் 5 லட்சம் பேர் சிகாகோ, டெட்ராய்ட் என்று வடக்கே ரயிலேறினார்கள். அதுவரை அவர்களை உள்ளே விடாத ஆலைக் கதவுகள் திறந்தன. ஆனால் சங்கத்தின் கதவு? பல இடங்களில் திறக்கவில்லை. 1917 ஜூலையில் கிழக்கு செயிண்ட் லூயியில் வெள்ளைக் கும்பல் நீக்ரோக் குடியிருப்பைக் கொளுத்தியது. சர்க்கார் கணக்குப்படியே 39 நீக்ரோக்கள் கொல்லப்பட்டார்கள். 1894 மாநாட்டில் டெப்ஸ் தோற்ற ஓட்டை நாம் ஏன் குறிப்பிட்டோம் என்று இப்போது தெரியும்.

அடுத்தது பணம். 1913-ல் வருமான வரி வந்தபோது மிகப் பெரிய பணக்காரனுக்கும் விகிதம் நூற்றுக்கு 7 தான். 1918-ல் உச்ச விகிதம் 77! சோஷலிஸ்டுகள் கேட்டபோது நாடே அழிந்துவிடும் என்ற அதே வரியை யுத்தம் கேட்டதும் போட்டார்கள், நாடு அழியவில்லை. ஆனாலும் வரியைவிடக் கடனே அதிகம். சுதந்திரக் கடன் பத்திரம் என்று பெயரிட்டு நான்கு முறை, யுத்தம் முடிந்த பின் வெற்றிக் கடன் என்று ஒரு முறை, ஆக 2,100 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஆலை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள், வாங்காதவன் தேசத்துரோகி. பள்ளிப் பிள்ளைகள் கால் டாலர் ஸ்டாம்பு வாங்கினார்கள். வட்டி கட்ட வேண்டிய தேசியக் கடன் 100 கோடி டாலரிலிருந்து 2,500 கோடி டாலருக்கு மேல் போயிற்று. 1920-ல் அந்த நூறு டாலர் பத்திரம் சந்தையிலே 85 டாலருக்கும் கீழே இறங்கியது. கையில் காசில்லாத தொழிலாளி விற்றான். வாங்கினவன் யார் என்பதைச் சொல்ல வேண்டுமா?

லாபத்தைக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படைப் பட்டாளத்தில் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்மெட்லி பட்லர் 1935-ல் வெளியிட்ட சிறு நூலில் கணக்குத் தருகிறார். வெடிமருந்து செய்த டூபாண்ட் கம்பெனிக்கு யுத்தத்துக்கு முன் ஆண்டுச் சராசரி லாபம் 60 லட்சம் டாலர். யுத்த ஆண்டுகளில் 5 கோடியே 80 லட்சம். உருக்குக் கம்பெனிக்கு 10 கோடியே 50 லட்சத்திலிருந்து 24 கோடி. எழுதியவர் சோஷலிஸ்ட் அல்ல. 33 ஆண்டு பட்டாளத்தில் இருந்தவர்.

அடுப்பங்கரையும் தப்பவில்லை. உணவு நிர்வாகத்துக்கு ஹூவர் என்பவரை அமர்த்தினார்கள். இன்ன கிழமை இறைச்சி கூடாது, இன்ன கிழமை கோதுமை கூடாது என்று அறிவிப்பு. 1918 ஜனவரிக் குளிரில் நிலக்கரி தட்டுப்பட்டது. மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே ஆலைகளைச் சில நாள் மூடச் சொல்லி உத்தரவிட்டார்கள். கடிகாரத்தையே கோடையில் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். ஜெர்மன் பெயர் கொண்ட முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு சுதந்திரக் கோஸ் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தில் ஜெர்மனியில் பிறந்தவன் என்பதற்காக ராபர்ட் பிராகர் என்ற சுரங்கத் தொழிலாளியைக் கும்பல் மரத்தில் தூக்கிலிட்டது. வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரும் விடுதலை. சிரிப்பு நின்றுவிடுகிறது.

இனி ரயில்வே. ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் லாபத்துக்கு வண்டியை ஓட்டியதால் கிழக்குத் துறைமுகங்களில் சரக்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கி நின்றன. பட்டாளத்துக்குச் சரக்கு போகவில்லை. தனியார் நிர்வாகமே திறமையான நிர்வாகம் என்று ஓதியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 1917 டிசம்பர் 28-ல் சர்க்கார் ரயில்வேக்களை ஏற்றது. நிதி மந்திரி மெக்கடூ தலைமை நிர்வாகி. சங்கத்தில் சேர்ந்தவனைப் பாகுபடுத்தக் கூடாதென்று 1918 பிப்ரவரியில் உத்தரவு. மே மாதம் கூலி உயர்வு. அதே வேலை செய்யும் பெண்ணுக்கும் நீக்ரோவுக்கும் அதே கூலி என்றது அந்த உத்தரவு. எட்டு மணி நேர வேலை பரவியது. சங்கங்களில் உறுப்பினர் பெருகி 1920-ல் நாடெங்கும் 50 லட்சத்தை எட்டினார்கள்.

இங்கே நாம் எதையும் மறைக்கக் கூடாது. 1918-ல் ஓர் அமெரிக்கத் தொழிலாளியின் நிலையில் நின்று பாருங்கள். வேலை நிச்சயம். ஓவர்டைம் உண்டு. சங்கத்தை சர்க்காரே மதிக்கிறது. யுத்தத்தை எதிர்க்கும் டெப்ஸின் பேச்சை அவன் ஏன் கேட்க வேண்டும்? விலைவாசி ஏறுகிறதே என்றால், கூலியும் ஏறுகிறதே என்பான். காம்பர்ஸ் கண்ட கணக்கு இதுதான். அந்தக் கணக்கில் முட்டாள்தனம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு அது. மறுபக்கம் எழுத முடியாதபடி சட்டம் வந்துவிட்டது.

1917 ஜூனில் உளவுச் சட்டம். பெயர்தான் உளவு; பிடித்தது உளவாளிகளை அல்ல, பேச்சாளர்களை. ஆள் சேர்ப்புக்கு இடையூறு செய்தால் 20 ஆண்டு வரை சிறை. 1918 மே மாதத் திருத்தம் இன்னும் போயிற்று: அரசாங்கத்தையோ கொடியையோ பட்டாளத்தின் உடுப்பையோ இழிவாகப் பேசினாலும் குற்றம். பத்திரிகைகளுக்குத் தபால் வசதியை நிறுத்தினார்கள். சோஷலிஸ்ட் பத்திரிகைக்கு அது தூக்குக்கயிறு. பிரசார இலாகா ஒன்று வைத்து 75,000 பேச்சாளரை சினிமாக் கொட்டகைகளில் நான்கு நிமிஷம் பேசச் செய்தார்கள். அரிசோனாவின் பிஸ்பீ தாமிரச் சுரங்கத்தில் 1917 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர் சுமார் 1,200 பேரைத் துப்பாக்கி முனையில் மாட்டு வண்டிப் பெட்டிகளில் அடைத்து, ரயிலில் கொண்டுபோய் நியூ மெக்சிகோவின் பாலைநிலத்தில் இறக்கிவிட்டார்கள். நம் நாட்டவரும் இதில் சிக்கினார்கள்: பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் கட்சியின் இந்தியர்கள்மீது சான் பிரான்சிஸ்கோவில் 1917 நவம்பர் முதல் 1918 ஏப்ரல் வரை வழக்கு நடந்தது; பிரிட்டன் இப்போது கூட்டாளி அல்லவா! உளவுச் சட்டத்திலும் திருத்தத்திலும் வழக்குத் தொடரப்பட்டவர் 2,000 பேருக்கு மேல்.

1918 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. ஒஹையோ மாநிலம் காண்டன் நகரில் கட்சியின் மாநாடு. டெப்ஸுக்கு வயது 62, இருதயம் பலவீனம். பூங்காவுக்கு எதிரிலேயே ஜெயில். அங்கே யுத்த எதிர்ப்புக்காக அடைபட்டிருந்த மூன்று தோழர்களை முதலில் போய்ப் பார்த்தார். அவர்களில் ஒருவர், பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரான ரூத்தன்பர்க். அவரது அஸ்தி மாஸ்கோவில் கிரெம்ளின் சுவரில் இருக்கிறது. சாலையைக் கடந்து வந்து டெப்ஸ் மேடையேறினார். கூட்டம் 1,000 பேருக்கு மேல். கூட்டத்தின் நடுவே சர்க்கார் ஆட்கள் புகுந்து இளைஞர்களின் ஆள் சேர்ப்புச் சீட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சைக் குறிப்பெடுக்க சர்க்கார் சுருக்கெழுத்தாளரும் இருந்தார். எல்லாம் டெப்ஸுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் பேசினார். யுத்தம் வேண்டுமா என்று தொழிலாளியை எக்காலத்திலும் எவரும் கேட்டதில்லை. உயிரை மட்டும் கேட்கிறார்கள் என்பதுதான் பேச்சின் சாரம். பெரும்பகுதி சோஷலிஸம் பற்றியது. யுத்தம் பற்றிய பகுதி சிறிது. அதுவே போதும் என்றது சர்க்கார். ஜூன் 30-ல் கிளீவ்லண்டு நகரில் கைது.

செப்டம்பரில் விசாரணை. ஜூரிகளோ சொத்துள்ள கிழவர்கள். டெப்ஸ் ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. பேசியதை மறுக்கவுமில்லை. தாமே எழுந்து ஜூரிகளிடம் பேசினார்; இரக்கம் கேட்கவில்லை; பேச்சுரிமையைப் பற்றிச் சொன்னார். பத்தாண்டு. அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1919 மார்ச் 10-ல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார். நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலில் தண்டனையை உறுதி செய்தார்கள். கவனியுங்கள்: பீரங்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11-ல். டெப்ஸ் சிறைக்குள் நுழைந்தது 1919 ஏப்ரல் 13-ல். யுத்தம் முடிந்து ஐந்து மாதம் கழித்து, யுத்தத்துக்கு இடையூறு செய்ததற்காக ஒரு கிழவர் உள்ளே போனார்.

முதலில் மேற்கு வர்ஜீனியாவில் மவுண்ட்ஸ்வில். ஜூனில் அட்லாண்டா மத்தியச் சிறை. கைதி எண் 9653. சிறைக்குள்ளே திருடனும் கொலைகாரனும் அவரிடம் வந்து கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள், குடும்பக் கதை சொன்னார்கள்.

வெளியே என்ன நடந்தது? 1919-ல் 40 லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1914-ல் இருந்த விலைவாசி 1920-ல் இரட்டிப்பானது என்றால் சும்மா இருப்பார்களா? சியாட்டில் நகரில் பொது வேலைநிறுத்தம். உருக்காலைகளில் 3,50,000 பேர் வெளியேறினார்கள்; 1920 ஜனவரியில் தோற்றுத் திரும்பினார்கள். யுத்தத்துக்காக வளர்ந்த போலீஸ் இலாகா இப்போது அன்னியத் தொழிலாளர்மீதும் கம்யூனிஸ்டுகள்மீதும் பாய்ந்தது. 1920 ஜனவரியில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். பெண்கள் ஓட்டுரிமை பெற்றது மட்டும் நிலைத்த லாபம் என்று சொல்லலாம். யுத்த காலத்தில் அவர்கள் செய்த வேலைக்குப்பின் மறுக்க முகமில்லாமற் போயிற்று. வேலையை மட்டும் பலரிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். யுத்தக் கிராக்கியை நம்பிக் கடனில் நிலம் வாங்கிய விவசாயி 1920-ல் விலை சரிந்ததும் வீழ்ந்தான்.

1920 மே மாதம் கட்சிப் பிரதிநிதிகள் சிறைக்கே போய் டெப்ஸை மீண்டும் ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்தார்கள். வாரத்துக்கு 500 வார்த்தை அறிக்கை விட மட்டும் அனுமதி. மேடையில்லை, ரயிலில்லை. 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது! ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நியாயமல்ல. பெண்களும் ஓட்டுப் போட்டதால் மொத்த ஓட்டு பெருகியிருந்தது. விகிதத்தில் பார்த்தால் 1912-ல் ஆறு, இப்போது மூன்றரைக்கும் குறைவு. கட்சி 1919-லேயே பிளந்துவிட்டது. ரஷ்யப் புரட்சியை வாழ்த்திய டெப்ஸ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேரவில்லை. பழைய கட்சியிலேயே இருந்துவிட்டார். அதில் நமக்கு அவரோடு உடன்பாடில்லை. அதற்காக அவர் சிறையிருந்த நாட்களை நாம் குறைத்து எண்ணமாட்டோம்.

1918 திருத்தத்தைக் காங்கிரஸ் சபை 1920 டிசம்பரில் ரத்து செய்தது. டெப்ஸை விடவில்லை. வில்சனுடைய அட்டர்னி ஜெனரலே தண்டனையைக் குறைக்கச் சிபாரிசு செய்தார், வில்சன் மறுத்தார். ஜனநாயகத்துக்காக உலகைப் பாதுகாக்கப் புறப்பட்டவர் அல்லவா? அடுத்து வந்த ஜனாதிபதி ஹார்டிங் வலதுசாரி, முதலாளிகளின் நண்பர். 1921 மார்ச்சில் டெப்ஸைக் காவலில்லாமல் தனியே ரயிலில் வாஷிங்டனுக்கு வரவழைத்தார்கள். அட்டர்னி ஜெனரல் டாகர்ட்டி அவரோடு பேசினார். பேசி முடித்து டெப்ஸ் அதேபோலத் தனியே ரயிலேறிச் சிறைக்குத் திரும்பினார். ஓடிப்போவார் என்று ஒருவரும் பயப்படவில்லை. ஆனாலும் பத்தாண்டு அடைத்து வைக்க வேண்டியவர்! அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் விடுதலை. மன்னிப்பல்ல, தண்டனைக் குறைப்பு. அவர் வெளியே நடந்தபோது அட்லாண்டா சிறையின் கைதிகள் ஜன்னல்களில் நின்று ஆரவாரம் செய்தார்கள். டெப்ஸ் திரும்பி நின்று தொப்பியை உயர்த்தினார், கண்ணீர் வழிந்தது.

ரயில்வே? 1920 மார்ச் 1-ந் தேதியே கம்பெனிகளுக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ரயில்வே சர்க்காரிடமே இருக்கட்டும், நிர்வாகத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுப் பார்த்தன, கேட்பாரில்லை. சங்கத்தை மதித்த உத்தரவுகள் காகிதமாயின. கூலியை வெட்டினார்கள். 1922 ஜூலை 1-ல் ரயில்வே ஒர்க்ஷாப் தொழிலாளர் 4 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பரில் சிகாகோ கோர்ட்டில் சர்க்கார் தடையுத்தரவு வாங்கியது: கூட்டம் கூடாது, மறியல் கூடாது, தந்தி கூடாது. 1894-ல் டெப்ஸை வீழ்த்திய அதே சிகாகோ, அதே ஆயுதம். மனு போட்டவர், டெப்ஸோடு வாஷிங்டனில் உட்கார்ந்து பேசிய அதே டாகர்ட்டி. 1923-ல் சங்க உறுப்பினர் தொகை 36 லட்சத்துக்கு இறங்கியிருந்தது.

டெப்ஸ் அப்போது டெர்ரி ஹோட்டில் நோயாளியாக இருந்தார். உடம்பு தேறும்போதெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், சிறைகளின் கொடுமையைப் பற்றி எழுதினார். 1926 அக்டோபர் 20-ல் சிகாகோவுக்கு அருகே எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவ விடுதியில் உயிர் பிரிந்தது. வயது 70. உடலை டெர்ரி ஹோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் வீட்டுத் திண்ணையிலேயே இறுதிக் கூட்டம் நடந்தது. அவரைத் தண்டித்த 1917-ம் ஆண்டின் உளவுச் சட்டம் இன்றும் அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.